ஆக மொத்தம் முப்பத்தெட்டு

கையெழுத்து தன்னுடையதுதான் என்பதில் கணக்கு டீச்சருக்குச் சந்தேகமே இல்லை. தொந்தரவு அங்கேதான் தொடங்கியது.

தலைமையாசிரியரின் மேஜைமேல் அந்தத் தாள் கிடந்தது. நாலு மூலையிலும் குண்டூசி ஓட்டைகள். நோட்டீஸ் போர்டிலிருந்து பிடுங்கி வந்திருக்கிறார்கள். மேலே 'ஆசிரியர்களின் கோரிக்கை' என்று கம்ப்யூட்டரில் அடித்த தலைப்பு. கீழே 'இப்படிக்கு' என்ற சொல்லுக்கு நேர் அடியில், சிவப்பு மையில், தேதியோடு, அவளுடைய கையெழுத்து. அதற்கும் கீழே நீலத்திலும் கறுப்பிலும் இன்னும் பதினெட்டுப் பேர்.

"இது உங்க கையெழுத்துதானே, டீச்சர்?"

"ஆமா சார். ஆனா நான் கையெழுத்துப் போடலை."

தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். கையெழுத்து அங்கேயே இருந்தது.

"திருத்தினேன் சார், அவ்வளவுதான். திருத்தின எந்தத் தாளா இருந்தாலும் அடியில கையெழுத்தும் தேதியும் இருக்கணும்னு நீங்கதானே சர்க்குலர் விட்டீங்க?"

அவள் சொன்னது பொய்யில்லை. வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்து எல்லோரும் போன பிறகு, ஆசிரியர் அறையில் அவள் மட்டும் உட்கார்ந்து ஒன்பதாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்தி முடித்தாள். பேனாவை மூடப் போகும்போது நோட்டீஸ் போர்டில் ஒரு புதுத் தாள் தெரிந்தது. எழுந்து போய்ப் படித்தாள். கோரிக்கை என்பதெல்லாம் அவளுக்கு ஒரு விஷயமே இல்லை. அந்தப் பலகையில் எத்தனையோ கோரிக்கைகள் ஒரு கையெழுத்தும் விழாமல் மஞ்சளாகிச் சுருண்டு உதிர்ந்ததை அவள் பதினாறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் நடுவில் ஒரு வரி இருந்தது.

'ஓர் ஆசிரியருக்கு வாரத்தில் சொந்த வகுப்பு 30, சீட்டு வகுப்பு 8, ஆக மொத்தம் 36.'

சீட்டு வகுப்பு என்பது, ஆசிரியர் இல்லாத வகுப்பில் போய் நிற்கச் சொல்லி அட்டெண்டர் கையில் வரும் துண்டுச்சீட்டு. அப்போதுதான் ஓய்வாக உட்கார்ந்தோம் என்று நினைக்கும்போது வரும். அது அவளுக்கும் வாரத்துக்கு எட்டு வந்துகொண்டுதான் இருந்தது. அது அல்ல அவளை நிறுத்தியது. முப்பதும் எட்டும் முப்பத்தாறாம்! அதையும் வாத்தியார்கள் எழுதி, பிள்ளைகள் வந்துபோகும் அறையில் ஒட்டியிருக்கிறார்கள்!

36-ஐ அடித்தாள். பக்கத்தில் 38 எழுதி வட்டம் போட்டாள். அடுத்த வரியில் 'வாரத்தின் 40 பீரியடில் ஓய்வு 4' என்றிருந்ததையும் 2 ஆக்கினாள். பிறகு கை தன் பழக்கத்துக்குத் தாளின் அடிக்குப் போய், கையெழுத்தும் தேதியும் போட்டுவிட்டுத் திரும்பி வந்தது. அவள் நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை காலையில் பி.டி. மாஸ்டர் அந்தத் தாளைப் பார்த்து விசில் ஊதினாராம். "கணக்கு டீச்சரே போட்டாச்சு!" என்று அவர் கத்தியதில், முதல் மணி அடிப்பதற்குள் பதினெட்டுப் பேர் வரிசையில் நின்று போட்டுவிட்டார்கள். மிச்சம் ஒருவர், லீவு.

"சரி, திருத்தினீங்க," என்றார் தலைமையாசிரியர். "முப்பத்தாறுன்னு இருந்ததை முப்பத்தெட்டு ஆக்கினது யாரு?"

"நான்தான்."

"கோரிக்கை வெச்சவங்களே முப்பத்தாறுன்னுதான் சொல்றாங்க. நீங்க அதுக்கு மேல ரெண்டு கூட்டித் தர்றீங்க. இதுக்குப் பேரு திருத்தமா, தலைமையா?"

"முப்பதும் எட்டும் முப்பத்தெட்டு சார்."

"அது எனக்கும் தெரியும்!"

"அப்ப நான் பண்ணின தப்பு எது?"

தலைமையாசிரியர் எழுந்து கதவைச் சாத்தினார். அவர் கெட்டவர் இல்லை. தாளாளரின் கார் சத்தம் கேட்டால் மட்டும் கொஞ்சம் குள்ளமாகிவிடுவார்.

"இங்க பாருங்க. உதவித் தலைமையாசிரியை போஸ்ட்டுக்கு உங்க ஒரு பேரைத்தான் அனுப்பியிருக்கேன். ஒண்ணாம் தேதி ஆர்டர் வரும். இந்த நேரத்துல தாளாளர் கண்ணுல இது பட்டுதுன்னா..."

உதவித் தலைமையாசிரியையின் அறை அடுத்த கதவு. ஆறு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதில் கைவைத்த நாற்காலி ஒன்று, ஜன்னல் ஒன்று, உள்ளே இருந்து சாத்திக்கொள்ளக்கூடிய கதவு ஒன்று. எல்லாவற்றையும்விட முக்கியம், அந்த நாற்காலியில் உட்காருகிறவர்தான் எல்லோருக்கும் சீட்டு எழுதுவார். அவருக்கு யாரும் எழுத மாட்டார்கள். அந்த நாற்காலியை அவள் யாருக்கும் தெரியாமல் ஒரு முறை சாவித் துவாரம் வழியாகப் பார்த்திருக்கிறாள்.

"எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு எழுதிக் குடுத்துடறேன் சார். நாளைக்கே. ஒரே ஒரு லெட்டர். முடிஞ்சுது."

---

அவள் கணவர் கடிகாரம் ரிப்பேர் செய்பவர். ஜெராக்ஸ் கடையும் அவர் கடையும் ஒரே ஷட்டரைப் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டவை. பகலெல்லாம் ஒரு கண்ணில் கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கடுகை விடச் சின்னத் திருகாணிகளோடு இருப்பார். வீட்டுக்கு வந்தால் அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, சத்தமில்லாத சாப்பாடு.

அது அவருக்குப் பதினாறு வருஷமாகக் கிடைக்கவில்லை. தட்டு வைத்த நிமிஷத்தில் பள்ளிக்கூடம் தொடங்கிவிடும். இன்றைக்கு எத்தனை சீட்டு, எந்த வகுப்பு, எட்டாம் வகுப்பு பி பிரிவில் யார் யாரைக் கடித்தார்கள், கேட்க ஆளில்லையா இந்த அக்கிரமத்தை. அந்த வகுப்பில் ஒரு பிள்ளையையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அவர்கள் உட்காரும் இடம்வரை அவருக்கு மனப்பாடம்.

"இதையெல்லாம் என்கிட்ட சொல்றியே, அங்க யார்கிட்டயாவது சொல்லேன்," என்று எப்போதாவது சொல்வார்.

"அங்க சொல்ல எனக்கென்ன பைத்தியமா? ஊர் வம்பு எனக்கு எதுக்கு?" என்று அவள் அடுத்த சீட்டுக்குப் போவாள்.

அன்றைக்கும் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஒரே லெட்டர்ல முடிஞ்சிடுமா?"

"முடிஞ்சிடும்."

"வெறும் லெட்டர்னா நம்புவாங்களா? நீ கணக்கு டீச்சர். ஆதாரத்தோட எழுதினாத்தான் உனக்கு மரியாதை."

அது சரிதான் என்று அவளுக்குப் பட்டது. ஆதாரமில்லாமல் எதையும் எழுதி அவளுக்குப் பழக்கமுமில்லை.

கடிதம் மூன்று வரிதான். 'மேற்படி கோரிக்கைக்கும் எனக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. அதிலுள்ள கூட்டலைத் திருத்தியது மட்டுமே நான். திருத்தம் சரியானது என்பதற்கான ஆதாரத்தை இத்துடன் இணைத்துள்ளேன்.'

இணைப்பு ஆறு பக்கம். பள்ளியில் பத்தொன்பது வகுப்புகள். வாரத்துக்கு நாற்பது பீரியட் வீதம் எழுநூற்று அறுபது. ஆசிரியர்கள் இருபது பேர். ஆளுக்கு முப்பது வீதம் அறுநூறு. மீதி நூற்று அறுபது பீரியடுக்கு ஆளே கிடையாது. ஓய்வு பெற்றுப் போனவர்களின் இடத்தை யாரும் நிரப்பவில்லை. அந்த நூற்று அறுபதும்தான் சீட்டாக, ஆளுக்கு எட்டாக, இருபது தலையில் இறங்கிக்கொண்டிருக்கிறது. கோரிக்கையில் கேட்டபடி வாரத்துக்கு ஆளுக்கு இரண்டு சீட்டுக்கு மேல் கூடாது என்றால், இன்னும் நான்கு ஆசிரியர்கள் வேண்டும். சரிபார்க்கப்பட்டது. கையெழுத்து, தேதி.

தலைமையாசிரியர் முதல் வரியை மட்டும் படித்தார்.

"அபாரம், டீச்சர்! தலைவியே கழண்டுக்கிட்டாங்கன்னு எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்," என்று கோரிக்கைத் தாளைத் திரும்பவும் போர்டில் மாட்டி, ஏழு பக்கத்தையும் அதற்குப் பக்கத்திலேயே குத்தி வைக்கச் சொன்னார்.

மத்தியான மணிக்கு ஆசிரியர் அறையில் ஒருவரும் சாப்பிடவில்லை. போர்டின் முன்னால் கூட்டமாக நின்றார்கள்.

"அடேயப்பா! நூத்தி அறுபது!" என்றாள் தமிழ் டீச்சர். "நான் என்னமோ எனக்கு மட்டும்தான் இப்படி வருதுன்னு இத்தனை நாளா நெனச்சேனே!"

"டீச்சர், நீங்க சாதாரண ஆளில்லை," என்றார் பி.டி. மாஸ்டர். "சம்பந்தமில்லைன்னு முதல் பக்கத்துல சொல்லிட்டு, ஆறு பக்கத்துக்குச் சம்பந்தத்தை நிரூபிச்சிருக்கீங்க! மேலிடமே பாராட்டி ஒட்டி வெச்சிருக்கு!"

"நான் அதுக்கு எழுதலை!"

"தெரியும், தெரியும்," என்று அவர் கண்ணடித்தார்.

லீவு முடிந்து வந்திருந்த அந்த இருபதாவது ஆசிரியரும் அப்போது போய்க் கையெழுத்துப் போட்டார்.

---

"எல்லாரும் என்னைத் தலைவி, தலைவிங்கறாங்க," என்றாள் அன்று சாப்பாட்டு நேரத்தில். "அட்டெண்டர்கூட டீயைக் கொண்டுவந்து எனக்குத்தான் முதல்ல வைக்கறான்."

கணவர் யோசித்தார். அவருக்குச் சிரிப்பு வந்தால் உதட்டில் தெரியாது. இடது கண்ணின் ஓரத்தில் ஒரு சுருக்கம் விழும். பார்க்கத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். அன்றைக்கு அவள் அவசரத்தில் பார்க்கவில்லை.

"ஒவ்வொருத்தர்கிட்டயா சொன்னா எங்க புரியும்? எல்லாரையும் ஒண்ணா உக்கார வெச்சு, போர்டுல எழுதிச் சொல்லிடு. நீ போர்டுல எழுதினா எதிர்த்துப் பேச ஆள் ஏது?"

மறுநாள் மாலை கடைசி மணி அடித்ததும் அவள் ஆசிரியர் அறையில் மேஜையைத் தட்டினாள். பத்தொன்பது பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். சயின்ஸ் சார் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினார்.

"ஒரு விஷயம் தெளிவா சொல்லிடறேன். நான் தலைவி இல்லை. ஏன்னா, தலைவி இருக்கணும்னா சங்கம்னு ஒண்ணு இருக்கணும். இங்க சங்கமே இல்லை. சங்கம்னா என்ன?" சாக்பீஸை எடுத்தாள். "ஒண்ணு, ஒரு பேர் வேணும். ரெண்டு, உறுப்பினர் பட்டியல் வேணும். மூணு, தலைவர், செயலாளர், பொருளாளர். நாலு, நடந்ததை எழுத ஒரு நோட்டு. இந்த நாலும் இல்லாம யாரும் யாருக்கும் தலைவி ஆக முடியாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்," என்றார்கள் பத்தொன்பது பேரும் ஒரே குரலில். பி.டி. மாஸ்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதறீங்க?"

"நாலாவதை. நோட்டு ஆரம்பிச்சாச்சு. ஒண்ணாவது, பேரு: ஆசிரியர் சங்கம். ரெண்டாவது, பட்டியல்தான் போர்டுல கையெழுத்தோட இருக்கே. மிச்சம் மூணாவது. கணக்கு டீச்சர் தலைவரா இருக்கணும்ங்கறவங்க கையைத் தூக்குங்க!"

கைகள் தூக்கப்பட்டன.

"பதினெட்டு!" என்றார் மாஸ்டர்.

"பதினெட்டு இல்லை," என்றாள் டீச்சர். "ஜன்னலோரமா டிராயிங் டீச்சர் தூக்கியிருக்காங்க, நீங்க எண்ணலை. மறுபடி எண்ணுங்க. விளையாட்டு டீமுக்கு ஆள் எடுக்கறதா இது?"

அவளே எண்ணினாள். பத்தொன்பது. எதிர்ப்பு ஒன்று, அது அவளுடையது. மொத்தம் இருபது, சரி.

"எண்ணிக்கை சரியா டீச்சர்?" என்று மாஸ்டர் நோட்டை நீட்டினார்.

"இப்ப சரி," என்று அவள் சிவப்புப் பேனாவைத் திறந்தாள். கையெழுத்து விழுந்த பிறகுதான் எதில் போட்டோம் என்று பார்த்தாள்.

---

தாளாளர் இப்படிப்பட்ட விஷயங்களில் அனுபவசாலி. அவர் கோபப்படவில்லை. ஒண்ணாம் தேதிக்குப் பத்து நாள் இருக்கும்போதே ஆர்டர் வந்துவிட்டது: கணக்கு டீச்சர் நாளைமுதல் உதவித் தலைமையாசிரியை, சீட்டுகளை இனி அவரே எழுதுவார்.

"அந்தப் பக்கத்துல இருக்கற ஆளை இந்தப் பக்கத்து நாற்காலியில உக்கார வெச்சுட்டா விஷயம் முடிஞ்சுது," என்று அவர் தலைமையாசிரியரிடம் சொன்னதை அட்டெண்டர் கேட்டான்.

அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆறு வருஷத் தூசியை அட்டெண்டர் துடைத்திருந்தான். கைகளை நாற்காலியின் கைகள்மேல் வைத்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. ஜன்னலும் திறந்தது. வெளியே வராந்தாவில் தமிழ் டீச்சர் அவளைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போலப் போனாள். அது மட்டும் முள்ளாகக் குத்தியது.

'சீட்டு எழுதிட்டுப் போறேன். எழுதறதுல என்ன இருக்கு? நியாயமாப் பிரிச்சு எழுதினா எல்லாருக்கும் நல்லதுதானே' என்று நினைத்துக்கொண்டு பட்டியலை இழுத்தாள். அப்போது காலையில் வீட்டில் நடந்த பேச்சு நினைவுக்கு வந்தது. ஆர்டர் முந்தின நாளே கைக்கு வந்திருந்ததால் கணவரிடம் கேட்டிருந்தாள்: "நான் போய் அவங்களுக்கே சீட்டு எழுதறதா?"

"சீட்டுன்னா எல்லாருக்கும் பொதுதானே," என்று அவர் பேனாவில் மை நிரப்பிக்கொண்டே சொன்னார். அவளுடைய சிவப்புப் பேனாவுக்கு ஞாயிறுதோறும் மை நிரப்புவது அவர் வேலை. கொஞ்ச நாளாகக் கிழமை பார்க்காமல் நிரப்பிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு இரண்டு பேர் வரவில்லை. ஆசிரியர்கள் பதினெட்டு. வகுப்புகள் பத்தொன்பது. முதல் பீரியட்: எல்லோரையும் எழுதினாள், தன்னையும் எழுதினாள். எட்டாம் வகுப்பு பி பிரிவு மிஞ்சியது. அழித்து வேறு மாதிரி எழுதினாள். அதே வகுப்பே மிஞ்சியது.

தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார். "என்ன டீச்சர், திணறுதா? ஒரே பேரை ரெண்டு வகுப்புக்கு எழுதுங்க. இவ்வளவு நாளா நான் அப்படித்தான் சமாளிச்சேன்."

"ஒரே ஆள் ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல எப்படி சார் இருப்பாங்க?"

"ஓடுவாங்க."

"அது தப்புக் கணக்கு சார். தப்புக் கணக்குல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அப்ப என்னதான் பண்ணுவீங்க? ஆளுக்கு எங்க போவீங்க?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கரும்பலகை முன்னால் நிற்கும் பிள்ளையைப் பார்ப்பது போல, மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு குனிந்து எழுதினாள்.

'முதல் பீரியட், எட்டாம் வகுப்பு பி: தலைமையாசிரியர்.'

"டீச்சர்! நானா? தாளாளர் வர்றார். எனக்கு அவரோட மீட்டிங் இருக்கு!"

"ரெண்டாவது பீரியட்தானே மீட்டிங்? இது முதல் பீரியட்."

வாசலில் போர்டு ஒன்று, தாளாளரே வைத்தது: 'சீட்டு பெற்றவர் எக்காரணம் கொண்டும் மறுக்கலாகாது.' தலைமையாசிரியர் அதைப் பார்த்தார். அட்டெண்டரைப் பார்த்தார். அட்டெண்டர் மரியாதையாகக் கையெழுத்து வாங்கும் நோட்டை நீட்டினான். அவர் போனார்.

இரண்டாவது பீரியட் மணி அடிக்கும்போது தாளாளர் வந்து இறங்கினார். புது உதவித் தலைமையாசிரியையை வாழ்த்துவதற்காக வந்தவர், அவள் அறை வாசலிலேயே அட்டெண்டரைச் சந்தித்தார்.

"இது என்னப்பா?"

"சீட்டு சார். எட்டாம் வகுப்பு பி."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான் சார். டீச்சர்தான் எழுதிக் குடுத்தாங்க. உங்களுக்கு ஹெட்மாஸ்டரோட மீட்டிங்னு சொன்னாங்க. ஆனா அவர் முதல் பீரியட் முடிச்சுட்டு மேஜையில தலை சாய்ச்சுப் படுத்திருக்கார். இப்போதைக்குப் பள்ளிக்கூடத்துல வகுப்பு இல்லாத பெரியவங்கன்னா நீங்க மட்டும்தான். எக்காரணம் கொண்டும் மறுக்கலாகாதாம் சார். போர்டுல இருக்கு."

தாளாளர் சிரித்தார். ஒரு பீரியட்தானே, பிள்ளைகளோடு பேசிவிட்டு வந்தால் பெருந்தன்மையாகவும் இருக்கும் என்று நினைத்தார். கோட்டைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.

நாற்பது நிமிஷம் கழித்து அவர் வெளியே வந்தபோது கோட்டில் ஐந்து விரல் சாக்பீஸ் பதிவு இருந்தது. ஒரு கையளவுதான், ஆனால் யாருடைய கை என்று அவருக்குத் தெரியவில்லை. "நீங்க எந்த சப்ஜெக்ட் சார்?" என்று ஒரு பெண் கேட்டாளாம். அதற்குப் பிறகு வகுப்பு அவர் கையில் இல்லை.

"கொஞ்சம் தண்ணி," என்றார்.

அட்டெண்டர் ஒரு கையில் தண்ணீரையும் இன்னொரு கையில் சீட்டையும் நீட்டினான். "மூணாவது பீரியட், அதே வகுப்பு."

"இன்னுமா?"

"ஒரு நாளைக்கு எட்டு பீரியட் சார்."

தாளாளர் தண்ணீரைக் குடித்தார், சீட்டை வாங்கவில்லை. நேராகக் கணக்கு டீச்சரின் வகுப்புக்குப் போய் வாசலில் நின்றார். "டீச்சர், உள்ளே வரலாமா?" என்று அவர் கேட்டதை நாற்பது பிள்ளைகள் கேட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் எழுத்தில் வந்துவிட்டது: ஆளுக்கு வாரத்துக்கு இரண்டு சீட்டுக்கு மேல் கிடையாது, நான்கு புதிய ஆசிரியர்கள் அடுத்த மாதத்துக்குள். அவள் ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்து, கூட்டிப் பார்த்து, பேனாவை அவரிடம் கொடுத்தாள்.

"இதுல நான் போட மாட்டேன். நீங்க போடுங்க சார்."

போட்டார். பிறகு, "நாற்காலி?" என்று கேட்டார்.

"திருப்பி எடுத்துக்குங்க. ஒரே ஆளை ரெண்டு இடத்துல எழுதக்கூடாதுன்னு காலையில நான்தான் சொன்னேன்."

சொன்ன பிறகுதான் எதைக் கொடுத்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. ஆறு வருஷ ஆசை, அரை நாளில் முடிந்துவிட்டது. ஆனால் ஆசிரியர் அறைக் கதவைத் திறந்தபோது அன்றைக்கு வந்திருந்த பதினேழு பேரும் எழுந்து நின்றார்கள், தமிழ் டீச்சர் முதல் ஆளாக. பி.டி. மாஸ்டர் விசிலை வாயில் வைத்துவிட்டு, அழுதுவிட்டதால் ஊத முடியாமல் நின்றார். அவளுக்கு எந்த நாற்காலியும் தேவைப்படவில்லை. மேஜையைத் தட்டினாள்.

"உக்காருங்க. அடுத்த வேலை இருக்கு."

---

அடுத்த வேலை அவள் வீட்டு முன்னறையில் நடந்தது. பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட இன்னும் அனுமதி இல்லை என்பதால் செயற்குழு ஏழு பேரும் அங்கேதான் வந்தார்கள். பி.டி. மாஸ்டருக்கு வீடு நன்றாகவே தெரிந்திருந்தது. அவருடைய ஸ்டாப் வாட்ச் வருஷம் முழுக்க ரிப்பேரில் இருப்பதால், கணவரோடு அவருக்குப் பழக்கம். ஏழு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கணவர் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

எல்லோரும் போன பிறகு, "என்னங்க, சத்தமா இருந்துதோ?" என்று கேட்டாள்.

"பரவாயில்லை. எத்தனை நாளைக்கு?"

"வாரத்துக்கு மூணு நாள்தான். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? இனிமே சாப்பிடும்போது உங்ககிட்ட சொல்ல எனக்கு ஒண்ணுமே இல்லை. எல்லாத்தையும் கூட்டத்துலயே சொல்லிடறேன்."

அவர் கையிலிருந்த கடிகாரத்தைக் காதில் வைத்து நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பள்ளிக்குப் போகும் வழியில் அவள் ஜெராக்ஸ் கடையில் நின்றாள். சங்கத்தின் முதல் சுற்றறிக்கை. தலைவர் என்ற இடத்தில் அவளுடைய பெயரைப் போட்டு இருபது நகல் வேண்டும். பக்கத்துப் பாதி ஷட்டருக்குப் பின்னால் கணவர் கண்ணில் கண்ணாடியை இடுக்கிக்கொண்டு குனிந்திருந்தார்.

ஜெராக்ஸ் கடைக்காரம்மா தாளை அடித்து முடித்துவிட்டு, அச்சுப் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"இதுல கூட்டல் எல்லாம் சரியாவே இருக்கட்டுமா டீச்சர்? ஏன் கேக்கறேன்னா, போன தடவை பி.டி. மாஸ்டர் எழுதிட்டு வந்ததுலயும் முப்பத்தெட்டுன்னு சரியாத்தான் இருந்துச்சு. உங்க வீட்டுக்காரர்தான் பக்கத்துலேர்ந்து எட்டிப் பார்த்து, 'முப்பத்தாறுன்னு அடிம்மா, தப்பா இருந்தாத்தான் எங்க வீட்ல கையெழுத்துப் போடுவாங்க'ன்னாரு!"